பிடித்தலும் பிடித்திருத்தலும்

எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப்புறங்களில் துக்கம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், சாவு. மனம் நொந்திருப்பவளைப் பற்றிப் பேசும்போது "அவளுக்கு மனசு சரியில்ல" என்பார்கள். வறுமையைக் கஷ்டம் என்பார்கள். துக்கம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எந்த லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில் எந்த வீட்டில் என்பதே அடுத்த கேள்வியாக எழும். துக்கத்துக்குப் போய் வந்தவர் தலைமுழுகாமல் தம் வீட்டு அடுப்படியை மிதிப்பதில்லை. இவ்வளவு கனத்த சொல்லை, நல்லெண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்ட பௌத்தத் துறவி ஒருவர், புத்தர் திருநாளான வெசாக் அன்று எங்கள் மக்கள் நடுவே இறக்கி வைத்தார். அதனால் என் தங்கையின் திருமணம் நின்றுபோயிற்று.

தங்கை என்பவள் என் சின்னம்மாவின் மகள். ஐம்பதைக் கடந்தவள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கணவன் மறைந்து நெடுங்காலம் ஆகிறது. ஒரே மகளைக் கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்துவிட்டு லயத்து வீட்டில் தனியே வாழ்ந்துவந்தாள். நானோ தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள், பதுளை நகரில் நூல்களோடு குடியிருப்பவள், மணம் செய்துகொள்ளாதவள். வயதிலும் வாழ்விலும் எங்களுக்கிடையே தொலைவு மிகுதி. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு வரும்போது அவள் என் வீட்டில் பகலுணவு கொள்வாள். நான் சமைத்ததைக் குறை சொல்வாள். பிறகு மீதத்தைப் பொதிந்து எடுத்துச் செல்வாள்.

அண்மைய பெருமழைக் காலத்தில் அவளுடைய லயத்துக்கு மேலிருந்த சரிவு வெடித்து விலகியது. அங்கிருந்தோரை வெளியேறச் சொன்னார்கள். ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் வழியில் சற்று உள்ளடங்கியிருக்கும் விகாரையின் தலைமைத் துறவி, கேட்பதற்கு முன்பே தம் அறவுரை மண்டபத்தைத் திறந்துவிட்டார். எங்கள் மக்கள் விகாரையைப் பன்சல என்பார்கள். துறவியைச் சாமி என்பார்கள். அந்தப் பன்சலவில் பல குடும்பங்கள் பாய் விரித்துக் கிடந்தன. என் தங்கை பொதுச் சமையலில் காய் நறுக்கினாள்.

அங்கேதான் வெலிமடையில் காய்கறி பயிரிடும் ஒருவர் வந்தார். தம் தோட்டத்தில் விளைந்த, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸையும் கரட்டையும் ஒரு சிறு லொறியில் ஏற்றிக்கொண்டு, கேட்பாரின்றித் தாமாகவே வந்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகளில்லாதவர், மிகக் குறைவாகப் பேசுபவர். என் தங்கை அவரிடம் சொன்ன முதல் வாக்கியத்தை அவளே எனக்குப் பெருமையோடு திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

"என்னங்க இது, லீக்ஸ கழுவாம கொண்டாந்திருக்கீங்க. மண்ணத் திங்கவா நாங்க இங்க வந்து படுத்திருக்கோம்?"

அடுத்த முறை அவர் வந்தபோது லீக்ஸ் முழுவதும் கழுவப்பட்டு, வேர் நறுக்கப்பட்டு, வெள்ளை வெளேரென்று இருந்தது. மழை விட்டது. மக்கள் லயத்துக்குத் திரும்பினர். லொறி மட்டும் அந்தப் பாதையை மறக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் பின் அவர் தம் தமக்கையை அனுப்பிப் பெண் கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் பல் நன்றாக இருக்கிறது என்று கொஸ்லந்தையிலிருந்து மகள் தொலைபேசியில் சிரித்தாள். ஆனி மாதத்தில் பதிவுத் திருமணம் என்று பேசி முடித்தோம்.

சாமிக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் அந்த மழையால்தான். மண்டபத்தில் தங்கியிருந்த தாய்மாரோடு சைகையால் பேசவேண்டியிருந்தது அவருக்கு நாணத்தை அளித்ததாம். என்னிலும் சிறிதே இளையவர். வாரம் ஒரு பிற்பகல் நான் பன்சலக்குச் செல்வேன். பேச்சுத் தமிழை அவர் மண்டபத்திலேயே பாதி பிடித்திருந்தார். எஞ்சிய பாதிக்கு நான். இருவருக்கும் வழக்கு ஒன்று தீராமல் இருந்தது. நான் தூய தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைப்பேன். அவரோ பாளியிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் தமக்குத் தெரிந்த சொல் ஒன்றைத் தமிழில் கண்டுவிட்டால் காணாமற்போன உறவினரைக் கண்டவர்போல் மகிழ்வார்.

"துன்பம்னு சொல்லலாம் சாமி. இன்பம், துன்பம். இரண்டும் அழகான இணை."

"ஏன் டீச்சர்? சுகம், துக்கம், ரெண்டும் ஒங்ககிட்டயும் இருக்கு, எங்ககிட்டயும் இருக்கு. பொதுக் கிணறு. நான் அதுல தண்ணி எடுத்தா ஒங்களுக்கு என்ன?"

பொதுக் கிணற்று நீர் இரு கரைகளிலும் இரு சுவை கொண்டிருக்கும் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வெசாக் மாலையில் விகாரை வளவு விளக்குக்கூடுகளால் நிறைந்திருந்தது. அன்னதானப் பந்தலான தன்சலில் கடலை அவிந்துகொண்டிருந்தது. லயத்து மக்கள் மழைக்கால நன்றியோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சாமி என்னிடம் காட்டாமலே தமிழில் ஓர் உரை அணியம் செய்திருந்தார். என்னை வியப்பில் ஆழ்த்துவது அவர் நோக்கம். அது நிறைவேறியது.

"அன்பான அம்மாமாரே, ஐயாமாரே. புத்தர் சொன்ன முதல் உண்மை என்ன? துக்கம். ஒங்க வீட்டுல துக்கம் இருக்கு. எங்க வீட்டுலயும் துக்கம் இருக்கு. துக்கம் இல்லாத வீடே இல்ல."

மண்டபத்தில் மூச்சு நின்றது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"யாரு வீட்டுலடி?"

"தெரியலயே. கீழ் லயத்துப் பெரியவரு நேத்துக்கூட நல்லாத்தான இருமிக்கிட்டு இருந்தாரு."

சாமி அந்த அமைதியைத் தம் உரையின் வெற்றியெனக் கொண்டு மேலும் உருக்கமாகத் தொடர்ந்தார். "சுகத்தத் தேடிப் போறவங்க பின்னால துக்கம் வரும். நிச்சயம் வரும். அதனால எதையும் பிடிக்காதீங்க."

"அவருக்கு எதுவுமே பிடிக்காதாம், பாவம்."

"சாமியாருல்ல. அப்படித்தான் இருக்கும்."

நான் புன்னகையை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அடுத்த பாடத்தில் நயமாக எடுத்துரைக்கலாம் என்று எண்ணினேன். சில வரிசைகள் தள்ளி அமர்ந்திருந்த என் தங்கையின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் வந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, குழம்பில் புளி கூடிவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அக்கா, வெலிமடைக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

"எதை?"

"கத்திரிக்காய. கல்யாணத்தத்தான், வேற எத?"

"சண்டையா?"

"சண்ட போடுற அளவுக்கு அவரு பேசுனாத்தான."

"பின்னே ஏன்?"

கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். "சாமி சொன்னாருல்ல. சுகத்தத் தேடிப் போனா துக்கம் வரும்னு. நிச்சயம்னும் சொன்னாரு. என்னையப் பாத்துத்தான் சொன்னாரு. ஒரு துக்கம் நான் எடுத்துட்டேன்க்கா. அந்த மனுசன் அவரு பாட்டுக்கு மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு நல்லா இருக்காரு. நான் சொகமா இருக்கணும்னு போயி அவரையும் பொதைக்கவா?"

எனக்கு விளங்கியது. சாமி அறத்தை மொழிந்ததாக நினைத்தார். அவள் கேட்டதோ சாவு பற்றிய குறி. பாளியில் அச்சொல் எவ்வளவு அகன்றது, மாறிக்கொண்டே இருப்பவற்றில் நிறைவு காண இயலாத தன்மையையே அது சுட்டுகிறது, சாவு அதனுள் ஒரு மூலை மட்டுமே என்றெல்லாம் நான் விரித்துரைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ படிச்ச அர்த்தம் ஒனக்கு. சாமி வாக்கு சாமி வாக்குதான்."

வாக்கு என்று அவள் கொண்டுவிட்டபின் என் அகராதியால் பயனில்லை. சொன்ன வாய்தான் அதை மீட்கவேண்டும். உண்ட கையோடு அவளை அழைத்துக்கொண்டு பன்சலக்குப் புறப்பட்டேன். வழியில் அவள் வெலிமடைக்காரரின் எண்ணிலிருந்து ஏதேனும் அழைப்பு வந்ததா என்று கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாமி அரசமரத்து மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். துக்கம் என்பதற்கு லயத்தில் என்ன பொருள் என்று கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் எல்லார் வீட்டுலயும் சாவு விழுந்திருக்குன்னா சொன்னேன்?"

"ஏறத்தாழ அப்படித்தான் சாமி."

"அதான் யாரும் கடல வாங்க நிக்காம வீட்டப் பாத்து ஓடினாங்களா? நான் ஏதோ எல்லாருக்கும் வைராக்கியம் வந்துடுச்சின்னு நெனச்சேன்."

பிறகு என் தங்கையின் முகத்தைக் கண்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேடையின் விளிம்பில் அமர்ந்தார். நாங்களும் எதிரே அமர்ந்தோம்.

"தங்கச்சி, நான் ஒங்களப் பாத்துச் சொல்லல. எனக்குக் கண்ணாடி இல்லாம ரெண்டாவது வரிசையே தெரியாது. தப்பான சொல்லு. மன்னிக்கணும்."

"சொல்லு தப்பா இருக்கலாம் சாமி. சேதி தப்பா? சுகத்தத் தேடலாமா, கூடாதா? அத ஒண்ண மட்டும் சொல்லுங்க."

இக்கேள்வியை நானும் பல ஆண்டுகளாக நூல்களிடம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பௌத்தம் இன்பத்தை மறுப்பது என்றே எண்ணியிருந்தேன். அந்த மறுப்பில் எனக்கு ஓர் உடன்பாடும் இருந்தது. நாடாதவருக்கு ஏமாற்றமில்லை என்ற கணக்கு, தனித்து வாழ்பவர்க்கு வசதியானது. ஆகவே சாமியும் 'கூடாது' என்றே சொல்வார், அதை எப்படி மென்மையாக்கித் தமிழ்ப்படுத்துவது என்று நான் உள்ளுக்குள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ வேறொன்றைச் சொன்னார்.

"புத்தராகிறதுக்கு முந்தி அவரு ரொம்பப் பட்டினி கெடந்தாரு. சுகம்னா அவருக்குப் பயம். ஒடம்ப வருத்தி வருத்தி எலும்பாப் போயிட்டாரு. ஒண்ணும் கெடைக்கல. அப்ப சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு வந்துச்சு. அப்பா வயல்ல ஏர்த் திருவிழா. இவரு நாவல் மரத்து நெழல்ல சும்மா ஒக்காந்திருக்காரு. அப்ப மனசுக்குள்ள ஒரு சுகம் வந்துச்சே. யாரையும் கெடுக்காத சுகம். அதுக்கு நான் ஏன் பயப்படணும்னு அவரு தன்னையே கேட்டாரு. அதுக்கு அப்புறந்தான் பாற்சோறு சாப்பிட்டாரு."

"பயப்பட வேணாம்னு சொன்னாரா?"

"பயப்பட வேணாம்னு கண்டுக்கிட்டாரு. சுகம் பாவமில்ல, தங்கச்சி. குடும்பஸ்தருக்கு நேர்மையா வர்ற சுகத்த அவரு மெச்சித்தான் பேசியிருக்காரு. போயிடக் கூடாதுன்னு அத இறுக்கிப் பிடிக்கிறதத்தான் வேணாம்னாரு. எதையும் பிடிக்காதீங்கன்னு நான் சொன்னது அதத்தான்."

தங்கை அவரை ஐயத்தோடு பார்த்தாள். "பிடிக்காம எப்படி சாமி கட்டிக்கிறது? பிடிச்சிருந்தாத்தான கட்டிக்க முடியும்?"

சாமி திகைத்து என் பக்கம் திரும்பினார். தமிழில் ஒரே வினை இரு வேலை செய்வதை அவர் அறிந்திருக்கவில்லை. நான் ஆசிரியையாகிவிட்டேன். நான் பிடிக்கிறேன் என்றால் கையின் செயல்; எனக்குப் பிடிக்கிறது என்றால் நான்காம் வேற்றுமை; அங்கே நாம் செய்பவர் அல்லோம், பெறுபவர் என்று தொடங்கினேன்.

"அக்கா, பள்ளிக்கூடம் விட்டாச்சு," என்றாள் தங்கை. சாமியிடமே திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது. "நான் அவரக் கட்டிக்கிட்டா அவரு செத்துருவாரா, சாமி?"

இதற்கு எவரும் இல்லை என்றே ஆறுதல் கூறுவர். நானாயிருந்தால் கூறியிருப்பேன்.

"சாவாரு," என்றார் சாமி.

அவள் கை இடுப்பில் செருகியிருந்த கைபேசிக்குப் போயிற்று.

"நீங்களும் சாவீங்க. நானும், டீச்சரும். நீங்க கட்டிக்கிட்டாலும் சாவாரு. கட்டிக்காட்டியும் சாவாரு. ஒங்க சுகத்த வெல வச்சு அவரு உயிர வாங்க முடியாது. அந்த மாதிரிக் கடை எங்கயும் இல்ல. கட்டிக்காம இருந்து அவரக் காப்பாத்திடலாம்னு நீங்க நெனைக்கிறீங்க. அதுவும் பிடிதான் தங்கச்சி. சொல்லப்போனா ரொம்ப இறுக்கமான பிடி."

அரசிலைகள் ஓயாது சலசலத்தன. என் தங்கை மேடையின் சிமெந்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்.

"கட்டிக்காட்டியும் சாவாரா?" என்று மீண்டும் கேட்டாள், இம்முறை அச்சத்தோடு அன்று, கணக்கைச் சரிபார்ப்பவள்போல.

"ஆமா."

"அப்ப அந்த மனுசன் எதுக்கு ஒத்தையில கெடந்து சாகணும்?"

அது சாமியிடம் கேட்கப்பட்ட கேள்வியன்று. அவர் எழுந்து துடைப்பத்தை எடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் அவள் வெலிமடைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எடுக்கப்படவில்லை. மறுபடி அழைத்தாள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் அழைப்பை எடுக்காதிருக்க ஒரு மனிதருக்கு உரிமை உண்டென்பதை இருவரும் அறிந்தே இருந்தோம். அன்றிரவு அவள் என் வீட்டிலேயே தங்கினாள். விடிந்ததும், "பெரட்டுக்குப் போகல. வெலிமடைக்குப் போறேன். நீயும் வர்ற," என்றாள். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்காதவளுக்கு அன்றைய வேலை இல்லை; அதையும் எண்ணித்தான் சொன்னாள்.

ஹாலிஎலயைக் கடந்து வளைந்து ஏறும் பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்து வந்தாள். நான், அவள் முடிக்கவிடாத என் இலக்கணத்தோடு வந்தேன். எனக்குப் பிடிக்கிறது; எனக்குப் பசிக்கிறது; எனக்குக் குளிர்கிறது; எனக்குத் தெரிகிறது. இவற்றில் எதிலும் நான் எழுவாய் இல்லை. தேயிலைச் சரிவுகள் முடிந்து படிக்கட்டுகளாய்க் காய்கறிப் பாத்திகள் தொடங்கும்போது மனத்தில் எழுகிற மகிழ்வும் அவ்வாறே எனக்கு வருவது, நான் செய்வதன்று. அதைப் பிடித்து நிறுத்த முற்படும்போதுதான் 'நான்' என்னும் எழுவாய் வந்து வாக்கியத்தின் தலையில் அமர்கிறது. இன்பம் நாடத் தக்கதா என்று நூல்களிடம் கேட்டு வந்த நான், வருவதைப் பெற்றுக்கொள்ளும் வேற்றுமை ஒன்று நாள்தோறும் என் நாவில் புழங்குவதைக் கவனித்ததில்லை. பெற்றுக்கொள்வதற்கும் ஓரளவு துணிவு வேண்டும். பேருந்தில் ஏறவேண்டும். எனக்கு அருகில் இருந்தவள் ஏறியிருந்தாள்.

அவருடைய நிலம் நகரைக் கடந்து சிறிது தொலைவில், ஓடையை ஒட்டி இருந்தது. லீக்ஸ் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அவர் ஓடைநீரில் கட்டுகளை அலசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். ஈரக்கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார். "வாங்க டீச்சர்," என்று என்னை மட்டும் அழைத்தார்.

"போன் எடுக்க மாட்டீங்களா?" என்றாள் தங்கை.

"வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப வேணும்னு சொல்ல வந்திருக்கேன்."

அவர் ஓடையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஒரு வாரத்துல என்ன மாறிச்சி?"

"நான் கட்டிக்கிட்டாலும் கட்டிக்காட்டியும் நீங்க சாவீங்களாம். பன்சல சாமி சொன்னாரு."

அவர் இதைத் தமக்குள் சுழற்றிப் பார்ப்பது தெரிந்தது. பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தீங்களா?"

"ஆமாங்க."

"போன்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் எடுக்கலயே."

அப்போதுதான் அவர் சிரித்தார். மகள் சொன்னது உண்மைதான். பல் நன்றாகவே இருந்தது. எனினும் சிரிப்பு விரைவில் அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னா வேணாம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் குனிந்து ஒரு கட்டை நீரில் அமிழ்த்தி அலசினார். அது கோபமில்லை என்பதை அறியும் அளவுக்கு அவள் அவரை அறிந்திருந்தாள். நான் வரப்பிலேயே சற்றுத் தள்ளிப் போய், அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லாதபோதும், மலையைப் பார்த்தபடி நின்றேன்.

"எம் பொஞ்சாதிக்கு சீக்குன்னு தெரிஞ்சப்ப," என்று அவர் சொல்வது கேட்டது, "கட்டாமயே இருந்திருக்கலாமேன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லைங்க."

தங்கை ஏதோ சொன்னாள். ஓடையின் இரைச்சலில் எனக்கு எட்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, நீரில் இறங்கியிருந்தாள். அவர் ஒரு கட்டை நீட்ட, அவள் வாங்கி அலசினாள். அலசியதை அவர் ஆராய்ந்து பார்ப்பதைக் கண்டு, "என்ன பாக்குறீங்க? ஒங்கள விட நல்லாத்தான் கழுவுவேன்," என்றாள். பாத்தியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

"ஆனின்னு பேசியிருந்தோம்," என்றார் அவர். "இப்ப அதுக்குள்ள ஏற்பாடு பண்ண முடியாது. கரட்டும் புடுங்கணும்."

"ஆடி வேணாம்."

"ஆடி வேணாம். ஆவணியில வச்சுக்குவோம்."

அவள் கையிலிருந்த கட்டிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "ஆவணி வரைக்கும் இருப்பீங்கல்ல?"

"பாப்போங்க," என்று அவர் அடுத்த கட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.